கடைசியா ஓடி வர்றவருக்கும் தண்ணி இருக்கணும்: வடசென்னையில ஒரு ஹாஃப் மாரத்தான் எப்படி நடத்தணும்?

டோல்கேட்வாசி | ஞாயிறு, மாலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் நம்ம பக்கம் நடந்த ஒரு 21 கிலோமீட்டர் ஓட்டத்துல ஓடினேன். எந்த ஓட்டம், யார் நடத்தினாங்கன்னு பேர் சொல்லப் போறதில்ல, தெரிஞ்சவங்களும் சொல்லாதீங்க. அவங்களோட எனக்குச் சண்டை வேணாம். வர்ற பிப்ரவரியில நாங்க இருபது பேர் சேர்ந்து திருவொற்றியூர்ல சின்னதா ஒரு ஹாஃப் மாரத்தான் நடத்தலாம்னு இருக்கோம். 300 பேருக்கு மேல சேர்க்கிறதா இல்ல. நான் பட்டது அதுல யாரும் படக் கூடாதுன்னுதான் இந்த இழை.

எனக்கு வயசு 51. ரெண்டே முக்கால்ல இருந்து மூணு மணி நேரத்துக்குள்ள முடிக்கிற ஆளு. காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பினோம். பதினஞ்சு கிலோமீட்டர் வரைக்கும் ஒரு குறையும் இல்ல. பதினேழாவது கிலோமீட்டர் தண்ணிப் பந்தலுக்கு வர்றப்ப மணி ஏழேகால், வெயில் முதுகுல ஏறிடுச்சு. மேஜை இருக்கு, மேல விரிச்ச துணி இருக்கு, கப் இல்ல. காலேஜ் படிக்கிற வயசுல ஒரு பையன், இருபது லிட்டர் கேனைத் தோள்ல சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு "அங்கிள், கையை ஏந்துங்க"ன்னான். ஏந்தினேன். அடியில கிடந்ததைச் சாய்ச்சு ஊத்தினான். ஒரு வாய் உள்ள போச்சு, மிச்சம் முழங்கை வழியா வழிஞ்சு ஷூவுக்குள்ள இறங்கிடுச்சு. எனக்குப் பின்னால நாப்பது, அம்பது பேராவது வந்திருப்பாங்க. அவங்களுக்கு அதுவும் இல்ல. அந்தப் பையன் முகத்துல இருந்த தவிப்பு கண்ணுலயே நிக்குது. அவன் என்ன பண்ணுவான்? அவன் கையில குடுத்தது அவ்வளவுதான்.

ஓடி முடிச்ச இடத்துல மேடை, பெரிய திரை, பாட்டு, கனமான மெடல் எல்லாம் இருந்துச்சு. என்னைக் கேட்டா, ஒரு ஓட்டம் எப்படி நடந்துச்சுன்னு கடைசியா வந்த அம்பது பேரைத்தான் கேக்கணும். உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. நல்லதையும் சொல்லுங்க, கெட்டதையும் சொல்லுங்க.

---

பெரம்பூர்_வேகம் | ஞாயிறு, மாலை 7:02

அண்ணே, தண்ணி விஷயம் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு முதல் கேள்வி தூரம். ஹாஃப் மாரத்தான்னா 21.0975 கிலோமீட்டர். 21 இல்ல, 20.6 இல்ல. அதே ஓட்டத்துல நானும் ஓடினேன். என் வாட்ச்ல 20.6, என்கூட வந்த மூணு பேருக்கும் அதேதான். 1 மணி 34 நிமிஷம்னு சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. ஆறு மாசம் முரசொலி மாறன் பூங்காவையே சுத்திச் சுத்தி ஓடி எடுத்த நேரம். அதை இப்ப என்னோட நேரம்னு சொல்லிக்க மனசு வரல.

ஜிபிஎஸ்ஸை நம்பாதேன்னு சொல்லுவாங்க. சரிதான், டோல்கேட்ல இருந்து விம்கோ நகர் வரைக்கும் தலைக்கு மேல மெட்ரோ பாலம், அதுக்கு அடியில வாட்ச் தடுமாறும். ஆனா நாம வளைவுல எல்லாம் உள்ளோரமா ஒட்டி ஓடுறதில்ல, கூட்டத்துல விலகி விலகி ஓடுறோம். அதனால சரியா அளந்த பாதையில வாட்ச் பெரும்பாலும் கூடத்தான் காட்டும். எல்லார் வாட்ச்லயும் ஒரே மாதிரி அரை கிலோமீட்டர் குறையுதுன்னா பாதைதான் குறைச்சல்.

நம்ம ஊர்ல மட்டும் நடக்கிற தப்பு இல்ல இது. இங்கிலாந்துல மான்செஸ்டர் மாரத்தான் 2013, 2014, 2015 மூணு வருஷமும் 380 மீட்டர் குறைவா நடந்திருக்கு. 2016லதான் வெளிய வந்துச்சு. இருபதாயிரத்துக்கு மேல ஆளுங்களோட நேரம் செல்லாமப் போச்சு.

---

தண்ணிக்கேன் | ஞாயிறு, இரவு 8:40

நான் ஓடுறவன் இல்ல, மூணு ஓட்டத்துல தண்ணிப் பந்தல் பாத்தவன். டோல்கேட் அண்ணன் சொன்ன இடத்துல என்ன நடந்திருக்கும்னு கிட்டத்தட்ட சொல்லிடுவேன்.

போன வழியே திரும்பி வர்ற பாதைதானே அது? அப்ப நாலாவது கிலோமீட்டர் பந்தலும் பதினேழாவது கிலோமீட்டர் பந்தலும் ஒரே மேஜை. போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவை. பேப்பர்ல கணக்கு போட்டவர் அதை ஒரு பந்தல்னு எண்ணி ஒரு பந்தலுக்கான கேனை இறக்கியிருப்பார். போறப்பவே முக்கால்வாசி காலி ஆகியிருக்கும்.

கணக்கு எப்படிப் போடணும்னு சொல்றேன், யாராவது எழுதி வச்சுக்கோங்க. 800 பேர்னு வைங்க. ஆளுக்கு ரெண்டு கப், ஒண்ணு குடிக்க, ஒண்ணு தலையில ஊத்திக்க. 1600 கப். கப்புக்கு 150 மில்லின்னா 240 லிட்டர், அதாவது 12 கேன். வெயில் வந்த பிறகு ஆளுக்கு மூணு கப் ஆகும், 2400 கப், 360 லிட்டர், 18 கேன். அந்த மேஜைக்கு ரெண்டும் சேர்த்து 30 கேன். பன்னெண்டு கேன் இறக்கிட்டு முப்பது கேன் தண்ணி குடுக்கச் சொன்னா அந்தப் பையன் எங்க போவான்?

அப்புறம் கேன் மட்டும் இருந்தாப் போதாது. கூட்டமா வர்றப்ப கேன்ல இருந்து ஊத்திக் குடுக்க நேரமே இருக்காது. நாலு மணிக்கே போய் உக்காந்து கப்புல நிரப்பணும். ஒரு வரிசை நிரப்பி, மேல அட்டை வச்சு, அதுக்கு மேல இன்னொரு வரிசை, இப்படி மூணு அடுக்கு வைக்கலாம். மேஜையை எல்லாம் ஒரே இடத்துல போடாம முப்பது நாப்பது மீட்டருக்கு நீட்டிப் போடணும். இல்லன்னா எல்லாரும் முதல் மேஜையிலயே முட்டிக்கிட்டு நிப்பாங்க. குப்பைத் தொட்டி மேஜை பக்கத்துல வேணாம், நூறு மீட்டர் தள்ளி வைங்க. குடிச்சு முடிக்கிறதே அங்கதான். ஈரமான பேப்பர் கப் காலுக்கு அடியில வழுக்கி ஒரு அம்மா விழுந்து முட்டி கிழிஞ்சதை நான் நேர்ல பாத்திருக்கேன்.

---

புதுவண்ணை_பொண்ணு | ஞாயிறு, இரவு 9:15

தண்ணிக்கேன் அண்ணா, இந்தக் கணக்கை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு தெளிவா சொன்னதில்ல. நன்றி.

நான் கழிவறை பத்திச் சொல்லணும். ஆண்கள் இதைச் சின்ன விஷயமா நினைக்கிறீங்க. போன வருஷம் நான் போன ஒரு ஓட்டத்துல எல்லாருக்கும் சேர்த்து ஆறே ஆறு தற்காலிகக் கழிவறை. வரிசையில 35 நிமிஷம் நின்னேன். உள்ள தாழ்ப்பாள் உடைஞ்சிருந்துச்சு, லைட் கிடையாது. முன்னப்பின்ன தெரியாத ஒரு அக்கா வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு நான் பிடிச்சேன். நாங்க வெளிய வர்றதுக்குள்ள ஓட்டம் ஆரம்பிச்சு 11 நிமிஷம் ஆயிடுச்சு. கிளம்புற கோட்டுல, நாம கட்டியிருக்கிற சிப்பைப் படிச்சு நேரம் குறிக்கிற பாய் போடல, முடியிற கோட்டுல மட்டும்தான் போட்டிருந்தாங்க. அந்த 11 நிமிஷமும் என் நேரத்தோட சேர்ந்துடுச்சு. ஓட்டம் ஆரம்பிக்கிற துப்பாக்கி நேரம் வேற, நாம கோட்டைத் தாண்டுற நேரம் வேற. ரெண்டையும் எடுக்கணும்னா ரெண்டு இடத்துலயும் பாய் வேணும்.

இன்னொண்ணு, இருட்டு. ஜனவரி, பிப்ரவரியில சூரியன் வர்றதே ஆறரை மணிக்கு. நாலரைக்கோ அஞ்சுக்கோ கிளம்பினா ஒன்றரை மணி நேரம் இருட்டுலதான் ஓடணும். எண்ணூர் விரைவு சாலையில தெருவிளக்கு எரியாத துண்டு இருக்கு, ஒரு பக்கம் கடலுக்குப் போட்ட பாறை, இன்னொரு பக்கம் வரிசையா நிக்கிற கண்டெய்னர் லாரி. அந்த லாரிகளுக்கு நடுவுல இருந்து யார் வருவாங்கன்னு பாத்துக்கிட்டே ஒரு பொண்ணு ஓடுறது எப்படி இருக்கும்னு யோசிங்க. இருநூறு மீட்டருக்கு ஒரு தன்னார்வலர், கையில டார்ச். அதுல பாதிப் பேராவது பெண்களா இருக்கட்டும். வேகத்தடை ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒருத்தர் நின்னு குரல் குடுக்கணும்.

அந்த நேரத்துக்கு மெட்ரோவும் இருக்காது. நாலு மணிக்கு ஒரு பொண்ணு எப்படி வந்து சேருவாங்கறதையும் நடத்துறவங்க யோசிக்கணும்.

---

பெரம்பூர்_வேகம் | ஞாயிறு, இரவு 9:50

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மணி நேரம் ஓடப் போறவங்க இடுப்புல ஒரு பாட்டில் கட்டிக்கலாமே? எல்லாத்தையும் நடத்துறவங்க தலையிலயே போட முடியுமா? நுழைவுக் கட்டணம் ஏத்தினாலும் நாமதான் கத்துவோம்.

---

டோல்கேட்வாசி | ஞாயிறு, இரவு 10:20

தம்பி, தப்பா எடுத்துக்கல. பாட்டில் கட்டிக்கிட்டுப் போறது நல்ல பழக்கம், இனிமே நானும் கட்டுவேன். ஆனா நீ முடிச்சு இட்லி சாப்பிடுறப்ப மணி ஆறே முக்கால். உனக்குப் பாதி ஓட்டம் இருட்டுல, கடல் காத்துல போயிடுது. நான் வெயில்ல ஓடுறேன். ஒரே கட்டணம் கட்டின ரெண்டு பேருல யாருக்குத் தண்ணி அதிகம் வேணும்? மூணரை மணி நேரம் வரைக்கும் ஓடலாம்னு அவங்கதான் போட்டிருந்தாங்க. போட்டுட்டா, அந்த மூணரை மணி நேரமும் மேஜையில தண்ணி இருக்கணும். முடியாதுன்னா மூணு மணின்னு போடட்டும், நான் பதிவே பண்ணியிருக்க மாட்டேன். பணம் பத்தலன்னா திரையை எடுத்துட்டுத் தண்ணி வைக்கலாம்.

---

இரவுப்பணி_நர்ஸ் | திங்கள், காலை 8:30

இரவு டூட்டி முடித்துவிட்டு இப்போதுதான் முழுதும் படித்தேன். மருத்துவப் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வெயில். வெறும் வெப்பநிலையைப் பார்த்தால் ஏமாந்து போவோம். நம் ஊரில் விடியற்காலையில் 27, 28 டிகிரிதானே என்று தோன்றும், ஆனால் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. இதற்காகவே ஈரக்குமிழ் கோள வெப்பநிலை என்று ஒரு அளவு இருக்கிறது. அதில் ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி) அளவுக்கு 70 சதவீதம், வெயில் படும் கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பநிலைக்கு 10 சதவீதம். ஈரத்துக்கு எவ்வளவு பங்கு என்று பாருங்கள். இந்த அளவு 28 டிகிரியைத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டத்தைத் தள்ளி வையுங்கள் என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு நீண்ட காலமாகச் சொல்லி வருகிறது. 2007 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை வெயில் தாங்காமல் ஓட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்தினார்கள். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவில் நிறுத்துவது என்று நீங்களும் முன்னாடியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டம் தொடங்கிய பிறகு கூடிப் பேசினால் முடிவு வராது.

இரண்டாவது, தண்ணீரே ஆபத்தாகும் இடமும் உண்டு. மெதுவாக ஓடுகிறவர்கள் பயத்தில் ஒவ்வொரு பந்தலிலும் நாலு கப் வெறும் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகும். வாந்தி, தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்பு. பார்ப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அது நிலைமையை மோசமாக்கும். தாகத்துக்குக் குடியுங்கள், அதுவே போதும். ஒன்று விட்டு ஒரு பந்தலில் உப்புப் போட்ட மோரோ, ஓஆர்எஸ் கரைசலோ வையுங்கள்.

மூன்றாவது, வெப்பத் தாக்கு. உள் உடம்பின் சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஆள் சம்பந்தமில்லாமல் பேசினால், தள்ளாடினால், அவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் போடுவதுதான் எல்லோரும் செய்வது. ஆனால் முதலில் அங்கேயே குளிரவைத்து, அப்புறம்தான் ஏற்ற வேண்டும். கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் உட்கார வைப்பதுதான் உயிரைக் காப்பாற்றும். எண்ணூரிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரை போகிற நேரத்தில் உள்ளே மூளையும் சிறுநீரகமும் கெட்டுவிடலாம்.

இதயம் நின்றுவிட்டால் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி வேண்டும். ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. கருவி மேடைக்குப் பக்கத்தில் பெட்டியில் இருந்து பயனில்லை. பைக்கில் ஒருவர் எடுத்துக்கொண்டு பாதையிலேயே சுற்ற வேண்டும். நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் பந்தலுக்கு ஒருவராவது இருக்கட்டும். ஒரு மதியம் ஒதுக்கினால் நானே சொல்லித் தருகிறேன். பிப், அதாவது நெஞ்சில் குத்தும் எண் அட்டையின் பின்பக்கத்தில் வீட்டு நம்பரையும் மருந்து விவரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பாதிப் பேர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

---

காசிமேடு_படகு | திங்கள், மதியம் 1:45

நான் ஓட்டக்காரன் இல்ல. என் அக்கா பையன் ஓடுவான், அவன் அனுப்பிதான் இதைப் படிச்சேன். ரோட்டுல இருக்கிறவங்க பக்கம் யாரும் பேசல, அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமைதான் காசிமேட்டுல பெரிய வியாபாரம். ராத்திரி ரெண்டு மணியில இருந்தே ஐஸ் வண்டி, கூடைக்காரங்க, ஷேர் ஆட்டோன்னு நிக்கவே இடம் இருக்காது. நீங்க ஓட வர்றதும் அதே ஞாயிறு, அதே நேரம். ஒரு தடவை முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லாம ரோட்டை அடைச்சுட்டாங்க. எங்க அண்ணி ரெண்டு கூடை சங்கரா மீனோட ஆட்டோவுல நாப்பது நிமிஷம் நின்னாங்க. வாடிக்கைக்காரங்க வேற கடைக்குப் போயிட்டாங்க, ஐஸும் கரைஞ்சிடுச்சு. அன்னிக்குக் கூலி போச்சு. ஓடுறவங்களை நாங்க வெறுக்கல. ஆனா தடுப்பு கிட்ட நின்ன பசங்களைக் கேட்டா "தெரியாது, எங்களை நிக்கச் சொன்னாங்க"ன்றான். எப்ப திறப்பாங்கன்னு தெரிஞ்சாலாவது வேற வழி பாத்திருப்போம்.

எங்களைக் கேட்டா, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு போகாது. அப்ப வைங்க, ரோடு காலியா இருக்கும்.

---

இரவுப்பணி_நர்ஸ் | திங்கள், மதியம் 3:05

அண்ணே, நீங்கள் எழுதியது ரொம்ப முக்கியம். ஆனால் தடைக்காலம் வேண்டாம், அதுதான் கத்திரி வெயில். நான் மேலே சொன்ன 28 டிகிரியை அந்த மாதங்களில் விடியும் முன்னாடியே நெருங்கிவிடும்.

---

புதுவண்ணை_பொண்ணு | திங்கள், மாலை 4:30

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மழை, டி.எச். ரோட்டுல, அதான் திருவொற்றியூர் ஹை ரோட்டுல, தண்ணி நிக்கும். ஜனவரியில போகிப் புகை இருக்கு. பொங்கல் கழிஞ்சு ரெண்டு வாரத்துக்கு அப்புறம்தான் சரியான காலம். திருவொற்றியூர் கோயில் மாசித் திருவிழாவுக்குத் தேரடிப் பக்கம் ஓட்டம் வைக்கக் கூடாது, அதனால கோயில்ல தேதி கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அப்படிப் பாத்தா நமக்குக் கிடைக்கிறது மூணு நாலு ஞாயிறுதான்.

காத்தும் இருக்கு. விடியற்காலைல காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்கும், மணலி ஆலைங்க நாத்தம் நேரா நம்ம மேலதான் வரும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அம்மோனியா கசிஞ்சு ஜனங்க வீட்டை விட்டு ஓடினதை நாம யாரும் மறக்கல. முந்தின நாள் சாயங்காலமும் அன்னிக்கு மூணு மணிக்கும் காத்துத் தர அளவைப் பாத்துட்டு, மோசமா இருந்தா 21ஐ 10 ஆக்கிடணும். ஆஸ்துமா இருக்கிறவங்க நம்ம பக்கம் அதிகம். நானும் இன்ஹேலர் வச்சுக்கிட்டுதான் ஓடுறேன்.

---

டோல்கேட்வாசி | திங்கள், இரவு 9:00

எல்லாத்தையும் படிச்சுட்டு எங்க ஆளுங்களோட உக்காந்து பேசினோம். நேத்து வரைக்கும் ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் போய்த் திரும்புற பாதை வச்சிருந்தோம். அதை விட்டுட்டோம். காசிமேட்டையே தொடாம, தேரடிக்குக் கிழக்க விரைவு சாலையில ஏறி வடக்கால மூன்றரை கிலோமீட்டர் போய்த் திரும்புறோம். ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட ஒரு சுத்து, மூணு சுத்து. ரயில்வே கேட் எதுவும் குறுக்க வராது. ஆம்புலன்ஸ் எந்த நேரத்துலயும் மூன்றரை கிலோமீட்டருக்குள்ள இருக்கும். ரோட்டுல ஒரு பக்கத்தை மட்டும் கேட்டாப் போதும். ரெண்டு முனையிலயும் நடுவுலயும் பந்தல் போட்டா ரெண்டு கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை தண்ணி. நடுப் பந்தலை ஒரு ஆள் ஆறு தடவை கடப்பாரு, தண்ணிக்கேன் தம்பி சொன்ன மாதிரி ஆறாவே எண்ணியிருக்கோம்.

டிஷர்ட் இல்ல. மெடல் சின்னது. அந்தக் காசு ஏஇடிக்கும் கழிவறைக்கும். பெண்களுக்குத் தனியா, தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிறதா நானே நாலு மணிக்கு ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துடுறேன். முந்தின ஞாயிறும் முந்தின நாளும் எங்க பசங்க தெருத் தெருவாப் போய், எத்தனை மணிக்கு அடைப்போம், எத்தனை மணிக்குத் திறப்போம், எந்த வழியாப் போகலாம்னு நோட்டீஸ் குடுக்கப் போறாங்க. தடுப்புல நிக்கிற ஒவ்வொரு பையன் கையிலயும் அதே நோட்டீஸ் இருக்கும்.

---

பெரம்பூர்_வேகம் | திங்கள், இரவு 9:35

மூணு சுத்துன்னா முன்னால ஓடுறவங்க பின்னால வர்றவங்களை முந்தணும், இடிச்சுக்குவோம்னு முதல்ல நினைச்சேன். 300 பேருக்குப் பரவாயில்ல. நடக்கிறவங்க இடது ஓரம்னு திரும்பத் திரும்பச் சொல்லிட்டாப் போதும். ஆனா திரும்புற இடத்துல சிப் பாய் கண்டிப்பா வேணும், இல்லன்னா ரெண்டு சுத்தோட நின்னவங்களும் மெடல் வாங்கிட்டுப் போயிடுவாங்க.

எங்களுக்கு அரை கிலோமீட்டர் எங்க போச்சுன்னு விசாரிச்சேன். திரும்புற இடத்துல வைக்கிற கூம்பை இருட்டுல வேற மின்கம்பத்துக்குப் பக்கத்துல வச்சுட்டாங்க. 250 மீட்டர் முன்னாடி. போக 250, வர 250. அவ்வளவுதான் நடந்தது. உங்க பாதையில அந்தத் தப்பு நடந்தா மூணால பெருகிடும், ஜாக்கிரதை. ரோட்டுல ஆணி அடிச்சு, பெயிண்ட் வட்டம் போட்டு, கம்பத்து நம்பரோட போட்டோ எடுத்து, கூம்பு வைக்கிறவர் போனுக்கு அனுப்பிடணும்.

அளக்குறதுக்கு சைக்கிள்தான் முறை. உலகம் முழுக்க மாரத்தான் பாதையை அப்படித்தான் அளக்கிறாங்க. ஸ்டீல் டேப் வச்சு 300 மீட்டர் துல்லியமா அளந்து, அதுல நாலு தடவை ஓட்டிச் சக்கரத்தோட எண்ணிக்கையை எடுத்துக்கணும். அப்புறம் பாதை முழுக்க, ஓரக்கல்லுல இருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓடுறவங்களுக்குக் கிடைக்கிற ரொம்பக் குறுகின வழியிலயே ஓட்டணும். முடிச்சுட்டு மறுபடியும் அந்த 300 மீட்டர்ல சரிபாக்கணும், வெயில் ஏறினா டயர் காத்து விரிஞ்சு கணக்கு மாறும். கடைசியில ஆயிரத்துல ஒரு பங்கு கூட்டிக்கணும், 21 கிலோமீட்டருக்கு 21 மீட்டர். கூடினா ஒருத்தருக்கும் நஷ்டம் இல்ல, குறைஞ்சா எல்லார் உழைப்பும் போச்சு.

அண்ணே, நேத்து பாட்டில் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். பிப்ரவரி ஓட்டத்துல நான் ஓடப் போறதில்ல, பதினேழாவது கிலோமீட்டர் மாதிரி இருக்கிற கடைசிப் பந்தல்ல நிக்கிறேன்.

---

காசிமேடு_படகு | செவ்வாய், காலை 6:20

நோட்டீஸ்ல மீன் ஏத்துற வண்டிக்குன்னு ஒரு வழி போடுங்க, எங்க சங்கத்துல நான் பேசுறேன். அந்தம்மா ஐஸ் தண்ணித் தொட்டி வேணும்னாங்களே, அது என் பொறுப்பு. மீன் வைக்கிற பெரிய பெட்டி, ஆள் உக்காரலாம். புதுசாக் கழுவின பெட்டி ரெண்டு, பார் ஐஸ் உடைச்சு மூணு மூட்டை. ஓட்டத்தன்னிக்குக் காலைல நாலு மணிக்கு இறக்கிடுறேன். காசு வேணாம்.

---

இரவுப்பணி_நர்ஸ் | செவ்வாய், காலை 7:10

அண்ணே, நன்றி. அந்தப் பெட்டிக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், வடிக்க அடியில் மூடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நாள் ஆளை உட்கார வைத்தே ஒத்திகை பார்த்துவிடலாம்.

---

டோல்கேட்வாசி | செவ்வாய், இரவு 8:15

மனசு நிறைஞ்சிருக்கு. வர்ற ஞாயிறு காலைல பாதையை அளக்கப் போறோம், தேரடி மெட்ரோ வாசல்ல மூணரை மணி. சைக்கிள் இருக்கு. ஸ்டீல் டேப் யார்கிட்டயாவது இருக்கா?

---

புதுவண்ணை_பொண்ணு | செவ்வாய், இரவு 8:22

எங்க அப்பா கொத்தனார், அவர்கிட்ட 30 மீட்டர் ஸ்டீல் டேப் இருக்கு. நான் எடுத்துட்டு வர்றேன், கூட அவரும் வருவாரு.

---

காசிமேடு_படகு | செவ்வாய், இரவு 9:40

மூணு மணிக்கே வந்துடுங்க. நாலரைக்கு மேல லாரி வரிசை நகர ஆரம்பிச்சிடும், ஓரமா சைக்கிள் ஓட்ட முடியாது.